கசாண்ட்ரா 3.11-லிருந்து 4.1-க்கு: சேவை நிற்காமல் கிளஸ்டரை அப்கிரேட் செய்வது எப்படி

ஒரு நோடை நிறுத்து, புதிய பதிப்பை நிறுவு, எழுப்பு, அடுத்த நோடுக்குப் போ. கசாண்ட்ரா என்பது நோடுகள் எனப்படும் பல மெஷின்களில் டேட்டாவைப் பிரதிகளாக வைக்கும் டேட்டாபேஸ். அதன் அப்கிரேடை இப்படி ஒரே வரியில் சொல்லிவிடலாம், அந்த வரியில் தப்பும் இல்லை. ஆனால் நோடை நிறுத்துகிற அந்தச் சில நிமிடங்களில் பெரும்பாலும் எதுவும் கெடுவதில்லை. கிளஸ்டரில் பாதி 3.11 ஆகவும் பாதி 4.1 ஆகவும் ஓடுகிற இடைக்காலத்தில்தான் கெடுகிறது. அந்த நேரத்தில் ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சமப்படுத்தும் வேலை) ஓடாது, புது நோடு சேராது, இருக்கிற நோடைக் கழற்றவும் முடியாது, டேபிள் அமைப்பை மாற்றவும் கூடாது. இரண்டு பெரும்பதிப்புகளுக்கு இடையே ஸ்ட்ரீமிங் (நோடுகள் டேட்டாவை மொத்தமாக அனுப்பிக்கொள்வது) கிடையாது என்பதே முதல் மூன்றுக்கும் மூலகாரணம்; அவை ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பை, பரிமாறிக்கொள்வதில்லை என்பது கடைசியானதற்குக் காரணம். ஆகவே திட்டம் போடும்போது கேட்க வேண்டியவை இரண்டு: இந்தக் கலப்புக் காலம் எத்தனை மணி நேரம் நீளும்? எந்தப் புள்ளி வரை திரும்பி வரலாம்?

கணக்குகளைச் சொல்ல வசதியாக ஒரு கிளஸ்டரை வைத்துக்கொள்வோம். 24 நோடுகள், 3 ரேக், ரேக்குக்கு 8. ஒரே டேட்டா சென்டர். ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3, அதாவது ஒவ்வொரு டேட்டாவுக்கும் மூன்று பிரதி (ரெப்ளிகா). ஆப் படிப்பதும் எழுதுவதும் லோக்கல் குவோரம், அதாவது அந்த டேட்டா சென்டரில் உள்ள பிரதிகளில் பெரும்பான்மை பதில் தர வேண்டும். நோடுக்கு 1 டெராபைட் டேட்டா. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

எங்கிருந்து எங்கே

3.0, 3.11 இரண்டிலிருந்தும் 4.0-க்கோ 4.1-க்கோ நேராகப் போகலாம். 2.2-இல் இருப்பவர்கள் நடுவில் 3.11-இல் ஒருமுறை தங்கித்தான் போக வேண்டும். 3.11-லிருந்து 5.0-க்குத் தாவ முடியாது. கிளம்பும் முன் 3.11 வரிசையின் கடைசிப் பேட்ச் பதிப்புக்கு முழுக் கிளஸ்டரையும் கொண்டுவந்துவிடுங்கள். கலப்புக் காலத்தில் தலைகாட்டும் பிழைகள் பலவற்றைப் பழைய பதிப்பின் பக்கத்திலும் திருத்தியிருக்கிறார்கள்.

அடுத்து டிஸ்க்கில் உள்ள கோப்புகள். 3.11 எழுதும் எஸ்எஸ்டேபிள் (டேட்டா இருக்கும்) கோப்பின் பெயர் "எம்டி" அல்லது "எம்இ" என்று தொடங்கும், 4.1 எழுதுவது "என்பி". இவற்றுக்கு நடுவே "எல்ஏ", "கேஏ" என்று தொடங்கும் கோப்புகள் ஒளிந்திருக்கக்கூடும். அவை 2.x காலத்து மிச்சம். யாரும் எழுதாத, கோப்புகளைச் சேர்த்து மாற்றி எழுதும் பின்னணி வேலையான காம்பாக்‌ஷன் தொடாத ஒரு பழைய டேபிளில் ஆண்டுக்கணக்காக அப்படியே கிடக்கும். 4.1-ஆல் அவற்றைப் படிக்க முடியாது. எழும்போதே படிக்க முடியாத எஸ்எஸ்டேபிள் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே 3.11-இல் இருக்கும்போதே எல்லா நோடிலும் டேட்டா டைரக்டரியைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், கசாண்ட்ராவின் நிர்வாகக் கட்டளைக் கருவியில் "நோட்டூல் அப்கிரேட்எஸ்எஸ்டேபிள்ஸ்" ஓட்டி அதை 3.11 வடிவத்துக்கு மாற்றிய பிறகு மேலே போங்கள்.

ஜாவாவை இப்போது தொடாதீர்கள். 4.1 ஜாவா 8-இலும் ஓடும், 11-இலும் ஓடும். டேட்டாபேஸும் ஜாவாவும் ஒரே இரவில் மாறினால், வேகம் குறையும்போது எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் இரண்டையும் துருவ வேண்டிவரும். முதலில் ஜாவா 8-இலேயே 4.1-க்கு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஜாவா 11-க்குத் தனியாக ஒரு சுற்று ரீஸ்டார்ட் போடுங்கள்.

ஒரு ரெப்ளிகா இல்லாமல் ஓடுமா?

ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3 என்றால் குவோரம் 2. ஒரு ரெப்ளிகா இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஃபேக்டர் 2 என்றாலும் குவோரம் 2-தான். ஒன்று போனால் அந்த டேட்டாவைத் தொடும் எல்லாக் கோரிக்கையும் பிழையாகும். முக்கியமான கீஸ்பேஸ்களை (டேபிள்களின் தொகுப்புகளை) எல்லோரும் 3-இல் வைத்திருப்பார்கள். ரிப்போர்ட்டுக்கென்று எப்போதோ உருவாக்கிய ஒரு சின்னக் கீஸ்பேஸ் 1-இலோ 2-இலோ இருக்கும், அதை ஆப் ஒவ்வொரு லாகினிலும் படித்துக்கொண்டிருக்கும். பெரியது சிறியது பார்க்காமல் எல்லாக் கீஸ்பேஸின் ரெப்ளிகேஷனையும் வரிசையாக எடுத்துச் சரிபாருங்கள்.

பாரத்தையும் கணக்கில் எடுங்கள். சாதாரண நாளில் லோக்கல் குவோரம் படிப்பு ஒன்றுக்கு மூன்று ரெப்ளிகாவில் இரண்டு வேலை செய்யும். அதாவது ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு கோரிக்கைகளைத் தாங்குகிறது. ஒரு ரெப்ளிகா நின்றால் மற்ற இரண்டும் எல்லாக் கோரிக்கைக்கும் ஓட வேண்டும். அந்த டேட்டா வரம்புக்கு ஒவ்வொன்றின் மேலும் படிப்புப் பாரம் 50 விழுக்காடு கூடுகிறது. ஒரு நோடை மட்டும் நிறுத்தினால் இந்தக் கூடுதல் பல நோடுகளுக்குப் பிரிந்துவிடும். ஒரு ரேக்கை முழுதாக நிறுத்தினால் மிச்சமுள்ள 16 நோடும் அதை நேராகச் சுமக்கும். உச்ச நேரத்தில் சிபியு 60 விழுக்காட்டைத் தொடுகிற கிளஸ்டரில் ரேக் முழுவதையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது ஆபத்து; இரண்டு இரண்டாக எடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட நோடை ஒரே நேரத்தில் நிறுத்தலாமா என்றால், நெட்வொர்க் டோபாலஜி ஸ்ட்ரேட்டஜி (பிரதிகளை வெவ்வேறு ரேக்குகளில் வைக்கும் முறை) போட்டு, ரேக் எண்ணிக்கையும் ரெப்ளிகேஷன் ஃபேக்டரும் சமமாக இருந்தால் ஒரே ரேக்குக்குள் நிறுத்தலாம். ஒவ்வொரு டேட்டாவுக்கும் அந்த ரேக்கில் ஒரு பிரதிதான் இருக்கும். ரேக் எதுவும் வரையறுக்காமல் எல்லா நோடும் "ரேக்1" என்று ஓடுகிற கிளஸ்டரில் எந்த இரண்டு நோடை எடுத்தாலும் ஏதோ ஒரு டேட்டாவுக்கு இரண்டு பிரதியும் அவற்றிலேயே இருக்கக்கூடும். அங்கே ஒன்றன்பின் ஒன்றுதான், வேறு வழி இல்லை.

சிஸ்டம்_ஆத்: தனியாகப் பார்க்க வேண்டியது

லாகின், ரோல், பெர்மிஷன் எல்லாம் இருக்கும் "சிஸ்டம்_ஆத்" கீஸ்பேஸ், நீங்கள் மாற்றாதவரை சிம்பிள் ஸ்ட்ரேட்டஜியில் ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 1 என்றுதான் இருக்கும். உங்கள் ஆப் ரோலின் வரிசை ஒரே ஒரு நோடில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நோடை நிறுத்தினால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பாருங்கள். ரோலும் பெர்மிஷனும் மற்ற நோடுகளின் கேஷில் இருக்கும், ஆனால் இயல்பான அமைப்பில் அதன் ஆயுள் 2000 மில்லிநொடி. இரண்டு நொடி கழிந்ததும் புது இணைப்புகள் உள்ளே வர முடியாமல் தவிக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளிலும் அனுமதிச் சோதனை தோற்று, கோரிக்கைகள் பிழையாகத் தொடங்கும். "நோட்டூல் ஸ்டேட்டஸ்" பார்த்தால் மற்ற 23 நோடும் நலமாக, யூஎன் என்று நிற்கும். டேட்டாவுக்கும் குவோரம் இருக்கும். ஆப் மட்டும் விழுந்துகிடக்கும். எந்த நோடை நிறுத்தும்போது இது நடக்கும் என்பது, எந்த டேட்டா எந்த நோடுக்கு என்று தீர்மானிக்கும் டோக்கனைப் பொறுத்தது, அதனால் முதல் 15 நோடு சுமுகமாகப் போய் 16-ஆவதில் வெடிக்கலாம்.

அப்கிரேடுக்கு ஒரு வாரம் முன்பே அந்தக் கீஸ்பேஸை நெட்வொர்க் டோபாலஜி ஸ்ட்ரேட்டஜிக்கு மாற்றி, டேட்டா சென்டருக்கு 3 என்று வையுங்கள். மாற்றியதும் பிரதிகள் தாமாக உருவாகிவிடாது. எல்லா நோடிலும் "நோட்டூல் ரிப்பேர் -ஃபுல் சிஸ்டம்_ஆத்" ஓட்டினால்தான் டேட்டா போய்ச் சேரும். இன்னொன்று: 3.11-இல் "கசாண்ட்ரா" என்ற பிறவி சூப்பர்யூசர் லாகின் ஆகும்போது குவோரம் அளவில் படிக்கும், மற்ற ரோல்கள் லோக்கல் ஒன் (ஒரு பிரதி பதில் தந்தால் போதும்) அளவில் படிக்கும். ஆப்பை அந்தச் சூப்பர்யூசரில் ஓட விட்டிருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள்.

ரிப்பேர் கெடு

கலப்புக் காலம் எவ்வளவு நீளலாம் என்பதை முடிவு செய்வது "ஜிசி_கிரேஸ்_செகண்ட்ஸ்": அழித்த வரிசையின் அடையாளமான டோம்ப்ஸ்டோன் குறைந்தது எத்தனை நொடி தங்கும் என்ற அமைப்பு. இயல்பு மதிப்பு 864000 நொடி, அதாவது 10 நாள். ஒரு டேட்டா வரம்பை 10 நாளுக்குள் ரிப்பேர் செய்யாவிட்டால், ஒரு நோடில் அழித்த வரிசை இன்னொரு நோடிலிருந்து உயிர்பெற்று வரும் வாய்ப்பு உண்டு. கலப்புக் காலத்தில் ரிப்பேர் ஓடாது. எனவே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் ரிப்பேர் சுற்று முடிய 4 நாள் ஆகிறது என்று வையுங்கள். சுற்று முடிந்த அதே நிமிடம் அப்கிரேடைத் தொடங்கினாலும், முதலில் ரிப்பேர் ஆன வரம்புக்கு ஏற்கெனவே 4 நாள் போய்விட்டது. மிச்சம் 6. அப்கிரேட் முடிந்த பின் அடுத்த சுற்றைத் தொடங்குவதற்கு முன்னால் எஸ்எஸ்டேபிள் மாற்ற வேலையும் இருக்கிறது, அதற்கு ஒன்றிரண்டு நாள் வையுங்கள். ஆகக் கலப்புக் காலத்துக்குத் தாராளமாகக் கிடைப்பது 3 நாள். அது போதாது என்று தோன்றினால், தொடங்கும் முன்பே, எல்லா நோடும் 3.11-இல் இருக்கும்போதே, டேபிள்களில் அந்த மதிப்பை 1728000 ஆக, அதாவது 20 நாளாக உயர்த்திக்கொள்ளலாம். அதற்கு விலை உண்டு: டோம்ப்ஸ்டோன்கள் கூடுதல் நாள் தங்கும், அதிகம் அழித்து எழுதும் டேபிள்களில் படிப்பு மந்தமாகும். அந்த வகை டேபிள்கள் நிறைய இருந்தால் கெடுவை நீட்டாமல் வேலையைச் சுருக்குவதே மேல்.

ஹின்ட்களையும் நம்பி இருக்காதீர்கள். நோடு கீழே இருக்கும்போது தவறிய எழுத்துகளை மற்ற நோடுகள் ஹின்டாகச் சேமிக்கும். இயல்பாக 3 மணி நேரம் வரைதான் சேமிக்கும். கலப்புக் காலத்தில் இரண்டு பதிப்புகளின் ஸ்கீமா அடையாளம் வேறுபட்டு நிற்பதால் ஹின்ட்கள் உடனே போய்ச் சேராமல் தேங்கலாம். ஹின்ட் டைரக்டரியின் அளவைக் கண்காணிப்பில் போடுங்கள், அது இருக்கும் டிஸ்க்கில் இடம் விட்டுவையுங்கள்.

கான்ஃபிக் கோப்பு

4.1 உடன் வரும் "கசாண்ட்ரா.யாமல்" கோப்பை அப்படியே எடுத்து வைப்பதும் தப்பு, பழைய கோப்பை அப்படியே விடுவதும் தப்பு. இரண்டையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். முன்னேற்பாட்டில் அதிக நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இது.

"நம்_டோக்கன்ஸ்": 3.11 காலத்துக் கோப்பில் 256 என்று இருக்கும். 4.0 முதல் புதிய கோப்பில் 16. ஏற்கெனவே 256 டோக்கனோடு ஓடும் நோடில் 16 என்று எழுதினால், டோக்கன் எண்ணிக்கையை மாற்ற முடியாது என்று சொல்லி நோடு எழ மறுக்கும். டேட்டாவுக்குச் சேதம் இல்லை. பழைய எண்ணைப் போட்டால் எழுந்துவிடும். ஆனால் அந்தப் பதற்றத்தில் டேட்டா டைரக்டரியைச் சுத்தம் செய்து புதிதாகச் சேர்த்துவிடலாம் என்று யாராவது கை வைத்தால் அதுதான் பெரிய சேதம், ஏனென்றால் கலப்புக் காலத்தில் திரும்பச் சேர்க்கவே முடியாது.

திரிஃப்ட் தொடர்பான வரிகள்: 4.0-இல் திரிஃப்ட் என்ற பழைய கிளையன்ட் இடைமுகம் முழுதாக நீக்கப்பட்டுவிட்டது. "ஸ்டார்ட்_ஆர்பிசி", "ஆர்பிசி_போர்ட்" போன்றவை கோப்பில் இருந்தால், இந்த வரிகளை நீக்குங்கள் என்று ஒரு பட்டியலைக் காட்டி நோடு நின்றுவிடும். உங்களிடம் எங்காவது திரிஃப்ட் வழியாகப் பேசும் பழைய ஸ்கிரிப்ட் இருந்தால் அது முதலில் கசாண்ட்ராவின் கேள்வி மொழியான சிக்யூஎல்-க்கு மாற வேண்டும்.

நோடுகளுக்கு இடையே என்கிரிப்ஷன் போட்டிருந்தால் இது கட்டாயம்: 3.11 நோடு டிஎல்எஸ் பேச 7001 போர்ட்டைத் தேடும். 4.x நோடு 7000-இலேயே டிஎல்எஸ்ஸையும் சாதாரண இணைப்பையும் கேட்கும். ஆகவே "எனேபிள்_லெகசி_எஸ்எஸ்எல்_ஸ்டோரேஜ்_போர்ட்" என்பதை "ட்ரூ" என்று வையுங்கள். மறந்தால் அப்கிரேட் ஆன நோடு தனக்குள் நலமாக இருக்கும், பழைய நோடுகளின் பார்வையில் செத்துக்கிடக்கும்.

4.1-இல் பல அமைப்புகளின் பெயர் மாறியிருக்கிறது. "மேக்ஸ்_ஹின்ட்_விண்டோ_இன்_எம்எஸ்: 10800000" என்பது "மேக்ஸ்_ஹின்ட்_விண்டோ: 3ஹெச்" ஆகியிருக்கிறது. பழைய பெயர்களும் செல்லும், ஆகவே அதை இப்போது மாற்ற அவசரம் இல்லை. ஜேவிஎம் கோப்பு மட்டும் பிரிந்துவிட்டது: முன்பு ஒரே "ஜேவிஎம்.ஆப்ஷன்ஸ்", இப்போது பொதுவானவை "ஜேவிஎம்-சர்வர்.ஆப்ஷன்ஸ்" கோப்பிலும், ஜாவா 8-க்கானவை "ஜேவிஎம்8-சர்வர்.ஆப்ஷன்ஸ்" கோப்பிலும் போகும். ஹீப் (ஜாவா பயன்படுத்தும் நினைவகம்) அளவைக் கையால் நிர்ணயித்திருந்தவர்கள் அதைப் புதிய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால், கசாண்ட்ரா தானே கணக்கிட்ட ஹீப்போடு எழும். எழுந்துவிட்டதால் யாரும் கவனிப்பதில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில்தான் ஜிசி (நினைவகச் சுத்திகரிப்பு) நிறுத்தங்கள் தெரியவரும்.

பேக்ஸோஸ் வகை, புது ஆடிட் லாக் போன்ற 4.x வசதிகள் எதையும் இந்தச் சுற்றில் போடாதீர்கள்.

கிளையன்ட் பக்கம்

4.0-இல் சிக்யூஎல் நேட்டிவ் புரோட்டோகால் 5 வந்தது, 3.11 நோடுகள் பேசும் நிலையான பதிப்பு 4. சில டிரைவர்கள் முதலில் கிடைக்கும் நோடோடு பேசிப் பதிப்பை முடிவு செய்யும். அது 4.1 நோடாக இருந்தால் 5 என்று முடிவாகி, 3.11 நோடுகளோடு இணைய முடியாமல் போகும். ஆப் ரீஸ்டார்ட் ஆகும்போது மட்டும் தோன்றி மறையும் பிழை என்பதால் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். அப்கிரேடுக்கு முன்பே எல்லா ஆப்பிலும் புரோட்டோகாலை 4 என்று கட்டிவையுங்கள். முழுக் கிளஸ்டரும் 4.1 ஆன பிறகு கட்டை அவிழ்க்கலாம்.

நோடின் கிளையன்ட் இணைப்பை மூடும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகள் அறுபடும். ஜாவா டிரைவர், ஐடெம்போடென்ட் என்று நீங்கள் குறித்த கோரிக்கைகளை மட்டுமே தானே மறுமுறை அனுப்பும். இயல்பாக எதுவும் அப்படிக் குறிக்கப்பட்டிருக்காது. இரண்டு முறை ஓடினாலும் முடிவு மாறாத கோரிக்கைகளைத் தேடிக் குறியுங்கள். கவுன்டரைக் கூட்டுவது, லிஸ்டில் சேர்ப்பது, "இஃப்" போட்ட எழுத்துகள் இவற்றைக் குறிக்கக் கூடாது. அவற்றின் பிழையை ஆப்பே கையாள வேண்டும்.

கலப்புக் காலத்தில் ஓடக்கூடாதவற்றை ஆளுக்குச் சொல்லிவைத்தால் போதாது, ஸ்விட்சை அணையுங்கள். ரிப்பேர் ஷெட்யூலர், ஆட்டோ ஸ்கேலிங், எல்லா நோடும் உயிரோடிருந்தால்தான் ஓடும் டிரங்கேட் வேலைகள், அதைவிட முக்கியமாக டெப்லாய் ஆகும்போது தானாக டேபிள் உருவாக்கும் மைக்ரேஷன் ஸ்கிரிப்டுகள். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மாட்டிவிடுகிறது: இரண்டு பெரும்பதிப்புகளும் ஸ்கீமாவைப் பரிமாறிக்கொள்வதில்லை. நடுவில் உருவான டேபிள் ஒரு பக்கத்து நோடுகளுக்கு மட்டும் தெரியும், மற்றவை தெரியாத டேபிள் என்று பிழை எழுதும்.

முதல் நோடும் திரும்பும் வழியும்

4.1 எழுதிய "என்பி" கோப்பை 3.11-ஆல் படிக்க முடியாது. ஒரு நோடில் 4.1 எழுந்து முதல் ஃப்ளஷ் (நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு எழுதுவது) நடந்ததுமே, வெறும் பைனரியை மாற்றித் திரும்ப முடியாது. திரும்ப வேண்டுமென்றால் நிறுத்தும் முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து, சிஸ்டம் கீஸ்பேஸ்களோடு சேர்த்து, மீட்க வேண்டும். அப்படி மீட்ட நோடில் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு வந்த எழுத்துகள் இருக்காது. அவற்றில் சில, இந்த நோடையும் இன்னொரு நோடையும் எண்ணிக் குவோரம் கொடுத்தவையாக இருக்கும். ஆகவே மீட்டதும் உடனே ரிப்பேர் வேண்டும்.

ரிப்பேர் ஓட மற்ற நோடுகள் 3.11-இல் இருக்க வேண்டும். அப்படியானால் நிம்மதியாகத் திரும்பி வர முடிவது ஒரே ஒரு நோடு மாறியிருக்கும் வரைக்கும்தான். இரண்டாவது, மூன்றாவது நோடு மாறிய பிறகு திரும்புவது காகிதத்தில் முடியும். நடைமுறையில் முன்னே போய் முடிப்பதே பாதுகாப்பு. இதனால் முதல் நோடில் 24 மணி நேரமாவது காத்திருங்கள்: ஒரு முழு நாளின் உச்ச நேரம், இரவு நேர பேட்ச் வேலைகள், பேக்கப் எல்லாம் அதன் மேல் ஓட வேண்டும். சீட் நோடு (மற்ற நோடுகள் கிளஸ்டரைக் கண்டறிய முதலில் அணுகும் நோடு) அல்லாத, எல்லா டேபிளின் டேட்டாவும் உள்ள ஒரு நோடை இதற்குத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நிலையில் நிறுத்துவது என்பதை முன்பே எழுதி வையுங்கள். எங்கள் பரிந்துரை: 99-ஆம் பெர்சென்டைல் லேட்டன்சி வழக்கத்தைவிட இரண்டு மடங்காகி 10 நிமிடம் நீடித்தால், "நோட்டூல் டிபிஸ்டாட்ஸ்" காட்டும் கைவிட்ட மியூட்டேஷன் (எழுத்து) எண்ணிக்கை நோடு எழுந்து 15 நிமிடம் கழித்தும் ஏறிக்கொண்டிருந்தால், ஆப்பில் ஒரே ஒரு "அன்அவெய்லபிள்" பிழை வந்தாலும். மூன்றாவதுக்கு விதிவிலக்கு வேண்டாம். அது வந்தால் ரெப்ளிகா கணக்கில் ஏதோ தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு நோடுக்கும் செய்ய வேண்டியது

1. வேறு இரண்டு நோடுகளிலிருந்து "நோட்டூல் ஸ்டேட்டஸ்" பாருங்கள். நிறுத்தப்போகும் நோடைத் தவிர ஒன்றாவது டிஎன் (கீழே) என்றிருந்தால் தொடங்காதீர்கள்.

2. "நோட்டூல் ஸ்னாப்ஷாட் -டி ப்ரீ41". இது ஹார்ட்லிங்க்தான், அந்த நொடியில் இடம் பிடிக்காது. பிறகு காம்பாக்‌ஷன் மூலக் கோப்பை அழிக்க அழிக்கத்தான் இடம் தின்னத் தொடங்கும்.

3. "நோட்டூல் டிஸேபிள்பைனரி". கிளையன்ட்கள் மற்ற நோடுகளுக்கு நகர 30 நொடி விடுங்கள்.

4. "நோட்டூல் டிரெயின்". மெம்டேபிள்கள் (நினைவகத்தில் உள்ள எழுத்துகள்) டிஸ்க்குக்கு இறங்கும், நோடு எழுத்துகளை ஏற்பதை நிறுத்தும். லாகில் "டிரெயின்ட்" என்று வரும்வரை பொறுங்கள். இதைத் தவிர்த்தால், 3.11 எழுதிய கமிட்லாகை (எழுத்துகளின் பதிவேட்டை) 4.1 எழும்போது மறு ஓட்டம் செய்ய வேண்டிவரும், தேவையில்லாத ஆபத்து.

5. சர்வீஸை நிறுத்துங்கள். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவியதும் சர்வீஸ் தானாக எழுந்துவிடும், அப்போது கான்ஃபிக் இன்னும் தயாராகியிருக்காது. நிறுவும் முன் "சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கசாண்ட்ரா" போட்டுவிடுங்கள்.

6. 4.1-ஐ நிறுவி, முன்பே தயாரித்த கோப்புகளை வைத்து, மாஸ்க்கை நீக்கி, எழுப்புங்கள்.

7. லாகில் "ஸ்டார்ட்அப் கம்ப்ளீட்" வந்ததும் "நோட்டூல் வெர்ஷன்" பாருங்கள். பிறகு ஒரு பழைய நோடிலிருந்தும் ஒரு புதிய நோடிலிருந்தும் ஸ்டேட்டஸ் பாருங்கள். இரண்டின் கண்ணுக்கும் யூஎன் ஆக இருக்க வேண்டும்.

8. "நோட்டூல் டிஸ்கிரைப்கிளஸ்டர்". இரண்டு ஸ்கீமா பதிப்பு தெரியும், பதறாதீர்கள்: 3.11 நோடுகள் எல்லாம் ஒன்றில், 4.1 நோடுகள் எல்லாம் மற்றொன்றில் இருந்தால் சரி. மூன்றாவது ஒன்று தெரிந்தால் நிறுத்தி ஆராயுங்கள்.

9. கேஷ் சூடாகி லேட்டன்சி பழைய நிலைக்கு வர 10 முதல் 15 நிமிடம் விட்டு அடுத்த நோடு.

நோடுக்கு 20 முதல் 25 நிமிடம் என்று கொண்டால் முதல் நோடு போக மிச்சம் 23-க்கு 8 முதல் 10 மணி நேரம். ஒரு ரேக்கை முடித்துவிட்டு அடுத்த ரேக்குக்குப் போங்கள். ஒரே இரவில் 10 மணி நேரம் ஒருவரே செய்வதைவிட, இரண்டு இரவாகப் பிரித்து இரண்டு பேர் பார்ப்பது நல்லது. கெடுவில் அதற்கு இடம் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதினாலும் 7, 8-ஆம் படிகளில் அது நின்று, ஆள் சரி சொன்ன பிறகே தொடர வேண்டும்.

நடுவில் ஒரு மெஷின் செத்தால்

12 நோடு மாறிய நிலையில் ரேக் ஒன்றில் ஒரு மெஷின் போய்விட்டது என்று வையுங்கள். புது நோடை மாற்றாகச் சேர்க்க ஸ்ட்ரீமிங் வேண்டும், அது கிடையாது. இப்போது வேறு ரேக்கில் ஒரு நோடை நிறுத்தினால் சில டேட்டாவுக்கு இரண்டு பிரதி போய்விடும், குவோரம் உடையும். அதே ரேக்கில் மிச்சமுள்ள நோடுகளை மட்டும் தொடர்ந்து மாற்றலாம், அவற்றில் செத்த நோடின் டேட்டாவுக்கு வேறு பிரதி இல்லை என்பதால்.

டேட்டா டிஸ்க் தப்பியிருந்தால் வழி எளிது. கிளவுடில் நெட்வொர்க் டிஸ்க் என்றால் அதைக் கழற்றி, புது மெஷினில் மாட்டி, அதே பதிப்பில் எழுப்புங்கள். சிஸ்டம் கீஸ்பேஸ் அப்படியே இருப்பதால் ஹோஸ்ட் ஐடியும் டோக்கன்களும் மாறாது. ஐபி மாறியிருந்தாலும் கிளஸ்டர் அதைப் பழைய நோடாகவே ஏற்கும். ஸ்ட்ரீமிங் தேவையே இல்லை. மெஷினோடு ஒட்டிய லோக்கல் டிஸ்க்கில் ஓட்டுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் ஆப்பின் படிப்பைத் தற்காலிகமாக லோக்கல் ஒன்னுக்கு இறக்கும் ஸ்விட்சை முன்பே கட்டி, சோதித்து வைத்திருக்க வேண்டும். எந்தக் கோரிக்கைகள் பழைய மதிப்பைப் பெற்றாலும் பரவாயில்லை என்பதை டெவலப்பர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது அப்கிரேட் இரவில் நடக்கிற காரியம் இல்லை.

எல்லா நோடும் 4.1 ஆனதும்

டிஸ்கிரைப்கிளஸ்டரில் ஒரே ஸ்கீமா பதிப்பு தெரிய வேண்டும். பிறகு "நோட்டூல் அப்கிரேட்எஸ்எஸ்டேபிள்ஸ்", ரேக் ரேக்காக. இது பழைய கோப்புகள் ஒவ்வொன்றையும் படித்துப் புதிய வடிவில் எழுதும். ஸ்னாப்ஷாட் பழைய கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் டிஸ்க் பயன்பாடு ஏறத்தாழ இரு மடங்காகும். 1 டெராபைட் டேட்டா, 1.5 டெராபைட் டிஸ்க் என்றால் நடுவழியில் நிரம்பிவிடும். இந்தக் கட்டத்தில் ப்ரீ41 ஸ்னாப்ஷாட்டுக்குப் பயன் இல்லை. வேறு இடத்தில் பேக்கப் இருப்பதை உறுதி செய்துகொண்டு "நோட்டூல் கிளியர்ஸ்னாப்ஷாட் -டி ப்ரீ41" போட்ட பிறகு தொடங்குங்கள்.

வேகம் காம்பாக்‌ஷன் உச்சவரம்பைப் பொறுத்தது. 3.11-இன் இயல்பு நொடிக்கு 16 மெகாபைட், 4.x-இல் 64. பழைய கோப்பிலிருந்து 16 என்ற வரி அப்படியே வந்திருந்தால் 1 டெராபைட்டுக்கு 18 மணி நேரம். 64 என்றால் நாலரை மணி நேரம். "நோட்டூல் செட்காம்பாக்‌ஷன்த்ரூபுட் 64" என்று ஓடும்போதே உயர்த்தலாம், பகலில் இறக்கிக்கொள்ளலாம்.

அது முடிந்ததும் முழு ரிப்பேர் சுற்று. பிறகுதான் மைக்ரேஷன் ஸ்கிரிப்டுகள், ஸ்கேலிங், டிரங்கேட் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உயர்த்திய ஜிசி கிரேஸ் மதிப்பைப் பழையபடி இறக்குங்கள். பழைய டிஎல்எஸ் போர்ட் அமைப்பை எடுக்க ஒரு ரீஸ்டார்ட் சுற்று வேண்டும், அதை ஜாவா 11 சுற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து 5.0-க்குப் போகும்போது திரும்பும் வழி இதைவிட நன்றாக இருக்கிறது. அதில் "ஸ்டோரேஜ்_கம்பாட்டிபிலிட்டி_மோட்" என்றொரு அமைப்பு உண்டு. இயல்பு மதிப்பான "கசாண்ட்ரா_4"-இல் இருக்கும்வரை 5.0 நோடு 4.x படிக்கக்கூடிய வடிவிலேயே எழுதும், ஆகவே திரும்பலாம். எல்லா நோடும் 5.0 ஆகி நம்பிக்கை வந்த பிறகு "அப்கிரேடிங்" என்று மாற்றி ஒரு ரீஸ்டார்ட் சுற்று, அதன்பின் "நன்" என்று மாற்றி இன்னொரு சுற்று. பைனரி மாற்றும் சுற்றோடு சேர்த்து மூன்று. மோங்கோடிபியில் ஃபீச்சர் கம்பாட்டிபிலிட்டி வெர்ஷன், காக்ரோச்டிபியில் "பிரிசர்வ்_டவுன்கிரேட்_ஆப்ஷன்" இரண்டும் இதே வேலைக்கானவைதான். காக்ரோச்டிபியில் அதை அப்கிரேடுக்கு முன்பே போடாவிட்டால், எல்லா நோடும் புதிய பதிப்புக்கு வந்ததும் கிளஸ்டர் தானே இறுதிப்படுத்திக்கொண்டு திரும்பும் வழியை மூடிவிடும்.